நடு வரி

மேல்வரி சிங்களம். கீழ்வரி ஆங்கிலம்.
நடு வரிக்குத்தான் எனக்குச் சம்பளம்.
பத்தொன்பது வருஷமாய்
கொழும்பின் பலகைகளில்
தமிழ் சறுக்கி விழாமல் பார்த்துக்கொள்கிறேன்.
சறுக்கத்தான் செய்கிறது.
நீச்சல் தடாகத்தில் 'கவனம்' 'கவளம்' ஆகி
ஒரு மழைக்காலம் முழுக்க நின்றது.
ஆஸ்பத்திரி வார்ட்டில் 'அமைதி காக்கவும்'
'அமைதி காக்கையும்' ஆனபோது
ஜன்னலில் நிஜமாகவே ஒரு காகம் இருந்தது.

இரவில் கவிதை.
கொட்டாஞ்சேனையில் மாடி அறை,
துறைமுகப் பாரந்தூக்கியின் சிவப்பு விளக்கு
தாளில் விழுந்து விழுந்து எழும்.
சிற்றிதழ்க்காரர் ஒருவர் சொன்னார்:
"சந்தியாப்பிள்ளை என்ற பேரை எடுத்துவிடுங்கள்.
வரிகளில் மெழுகுதிரி மணக்கிறது."
எடுத்துப் பார்த்தேன்.
இளம்பரிதி என்று இரண்டு கவிதை வந்தது.
இரண்டிலும் யாரோ முழங்காலில் நின்றார்கள்.

கோயிலில் வேறு முறைப்பாடு.
பங்குத்தந்தைக்கு என் கவிதைகளில் ஆண்டவர் போதாது.
"ஒரு அல்லேலூயாவாவது போடக்கூடாதா?"
தவக்காலத்தில் போடக்கூடாது, ஃபாதர், என்றேன்.
சிரித்துவிட்டார்.

பெரிய வெள்ளி, பிற்பகல் மூன்று மணி.
மணி அடிக்காத கோயில்.
வியர்வையோடு நின்று பாடுகளைக் கேட்கிறோம்.
சிறுவயதிலிருந்து நான் காத்திருக்கும் இடம்
ஆணி அல்ல, ஈட்டி அல்ல,
தலைக்கு மேல் அறைந்த அந்தப் பலகை.
அதுவும் மூன்று மொழி.
யாரோ ஒரு இலிகிதன்
விசுவாசிக்கிறாயா என்று எவரும் கேளாமல்
சொன்னதை அவசரத்தில் எழுதிக் கொடுத்தான்.
அது உண்மையாய்ப் போயிற்று.
பெரியவர்கள் வந்து திருத்தச் சொன்னார்கள்.
திருத்தப்படவில்லை.
அவன் வீட்டுக்குப் போய் விரலைக் கழுவினானா,
நடு வரியில் ஒரு கோடு விட்டுப்போனதென்று
சாமத்தில் திடுக்கிட்டு எழுந்தானா,
சுவிசேஷகர் நால்வருக்கும் தெரியாது.
எந்தப் புனிதர் பட்டியலிலும் இல்லை.
என் பாதுகாவலர் அவன்தான்.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது.
பியசிறி. பலகை எழுதுகிறவன்.
தமிழை வாசிக்கத் தெரியாது, வரைவான்,
குருவியை வரைவதுபோல் கழுத்தைச் சாய்த்து.
"மஹத்தயா, பொட்டு எல்லாம் விட்டுப்போச்சு.
பலகையை ஏற்றியாச்சு. ஏணியோடு நிற்கிறேன்.
எந்தெந்தத் தலைக்கு மேல்?"

சிலுவையை முத்திசெய்ய வரிசை முன்னே நகர்ந்தது.
நான் அதற்கு எதிராய் நடந்து
செருப்பைத் தேடினேன்.

விடுமுறை வீதி. ஓட்டோக்காரன் மீட்டர் போடவில்லை.
பிரேத அறை வாசலில் புதுப் பலகை:
உடலகளைப பொறுபபேறகும இடம

புள்ளி வைத்தால் மெய்.
உயிர் இல்லாத எழுத்து.
உடம்புக்கும் அதே சொல், உண்மைக்கும் அதே சொல்.
உயிர் வந்து ஏறினால் புள்ளி விலகும்.
தமிழ்ப் பாடத்துக்கும் ஞானப்பாடத்துக்கும்
எனக்கு ஒரே கொப்பிதான் இருந்தது.

ஏறினேன்.
பியசிறி ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டான்.
கறுப்பு எனாமல், சின்னத் தூரிகை.
ஒன்று. இரண்டு.
கீழே ஒரு பெண்,
கையில் பிளாஸ்டிக் பை,
பைக்குள் மடிப்புக் கலையாத வெள்ளைச் சாரம்.
நான் வைக்க வைக்க
எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தாள்,
இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் குரலில்.
"அண்ணை, இதை ரெண்டு தரம் கடந்து போனனான்.
என்ன பாஷையெண்டு விளங்கேல்ல.
இங்கதானா?"

இங்கதான், என்றேன்.

நான் எழுதியதில் ஒருவர்
சத்தமாய் முழுக்க வாசித்தது அது ஒன்றுதான்.
ஆறாவது புள்ளி ஈரமாய் இருந்தது.
அவள் உள்ளே போய்விட்டாள்.
பியசிறி ஏணியை விடவில்லை.
நான் இறங்கவில்லை.