நாற்பத்தேழாம் குழாய்

அந்தியூர்ச் சந்தையில் ஆடிக்காற்று
படிவத்தைப் பிடுங்கப் பார்க்கிறது.
அதில் குதிரையின் கோட்டுப்படம், இடப்பக்கம், வலப்பக்கம்.
சுழி இருக்கும் இடமெல்லாம் பெருக்கல் குறி போடவேண்டும்.

"கழுத்துச் சுழிய மட்டும் எழுதீறாதீங்க மேடம்,
வெல எறங்கிப் போயிருமுங்க"
என்றார் கருமாண்டி.
எழுதினேன்.
ஊசி இறங்கியபோது குதிரை
ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது.

ரத்தம் ஐஸ் பெட்டியில் ஹிசாருக்குப் போயிற்று.
குதிரை எங்கே போயிற்றென்று
எந்தப் படிவத்திலும் இல்லை.

பதினொரு நாள் கழித்து மின்னஞ்சல்:
நாற்பத்தேழு. கிளாண்டர்ஸ். பாசிட்டிவ்.
மறுபடி ரத்தம் அனுப்பவும்.

கருமாண்டி போனை எடுக்கவில்லை.
பவானிக்காரர் பெருந்துறைக்கு விற்றிருந்தார்,
பெருந்துறைக்காரர்
லாபம் எவ்வளவென்று மட்டும் சொன்னார்.

சென்னிமலையில், கல்யாண மண்டபத்துக்குப் பின்னால்
நின்றது. பேர் மாறி,
நெற்றி வெள்ளை
பூட் பாலிஷில் அணைந்து.

பிடரி மயிரை ஒதுக்கினேன்.
விலைபோகாத சுழி
எழுதிய இடத்திலேயே இருந்தது.

மூக்கில் ஒழுகல் இல்லை, புண் இல்லை.
என் கையுறையை முகர்ந்துபார்த்து
வேறெதையோ எதிர்பார்த்ததுபோல் நின்றது.

நேற்றுத்தான் ஒரு மாப்பிள்ளையைச் சுமந்ததாம்.
அவர் நம்பரை வாங்கிக்கொண்டேன்.