மூன்றாம் எண் வீடு

ஜஹ்ராவைத் தாண்டி சால்மி சாலையில்
பெயர்ப்பலகை இல்லாத ஒரு திருப்பம்.
கேட்டில் கைப்பேசியை வாங்கி
ஆணியில் தொங்கும் துணிப்பைக்குள் போடுவார்கள்.
என் பை நாற்பத்தொன்று.

உள்ளே எல்லாப் பிரிவுக்கும் தோளில் ஒரு சின்னம்.
குண்டு பூட்டுகிறவர்களுக்குத் தேள்.
அளவெடுக்கிறவர்களுக்குக் கண்.
வெடிக்காமல் கிடப்பதைத் தேடிப் போகிறவர்களுக்கு
ஏதோ ஒரு பூ; பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.
ஓடுபாதையில் புறா விரட்டும் பிரிவில்
வல்லூறு ஒன்று உயிரோடு வேலை பார்க்கிறது.
அதன் கறிச்செலவு என் சம்பளத்தைவிடப்
பதினெட்டு தினார் கூடுதல் என்கிறான் மொஃபிசுல்.
இலக்குப் பிரிவுக்குச் சின்னம் கிடையாது.
ஒரு தகரக் கொட்டகை, ஒரு கிரேன், ஐந்து ஆள்.

விமானம் உடைக்கப்போவதை
நாங்கள் செய்து வைக்கிறோம்.
ஓடாத லாரிக்குப் பச்சை அடிப்போம்.
தண்ணீர்த் தொட்டிமேல் குழாயை நீட்டினால் டாங்கி.
சூட்டைத் தேடி வரும் ஏவுகணைக்கு
எஞ்சின் இருக்கவேண்டிய பள்ளத்தில்
கேஸ் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு
ஜீப் ஏறி ஓடிவருவோம்,
பால் வைத்த ஞாபகத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தபடி.

குறி தப்பினால் சும்மா உட்காரலாம்.
பட்டால் ஓவர்டைம்.
எதற்காக வேண்டிக்கொள்வாய் என்று
என்னிடம் கேட்காதீர்கள்,
மூத்தவளுக்குக் கல்லூரிக் கட்டணம் ஜூனில்.

மார்ச்சில் வீடு கேட்டார்கள்.
நாலுக்கு ஆறு மீட்டர், சிமெண்ட் கல், தட்டைக் கூரை.
வரைபடத்தில் ஒரே ஒரு ஓட்டை, அதுதான் வாசல்.
அருளானந்து கொத்தனார், இடிந்தகரைக்காரன்.
வாசலில் ஒரு படி வைத்தான்.
கை தானாக வைத்தது என்றான்.
என் கை மட்டும் சும்மா இருக்குமா?
தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல்.
மிஞ்சிய கம்பியில் பாதிச் சூரியன், ஒன்பது கதிர்.

தோளில் கண் தைத்த கேப்டன் பத்ர்
டேப் பிடித்துக்கொண்டு வந்தார்.
இது என்ன?
படி.
எதற்கு?
மழை வந்தால் தண்ணீர் உள்ளே போகும் சார்.
வானத்தைப் பார்த்தார்.
சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்:
படி, பதினைந்து சென்டிமீட்டர்.

மறுநாள் மேகம். லேசருக்குக் கண் தெரியாது என்று
வானிலைப் பிரிவு தள்ளிவைத்தது.
மதியம் கொட்டியது பாருங்கள்,
வருஷத்து மழை அத்தனையும் ஒரே மூச்சில்.
நாங்கள் ஐந்து பேரும், கேமரா நட்ட சிப்பாய்கள் நாலு பேரும்,
கேப்டனும், அவருடைய ஃபிளாஸ்க்கும்
மூன்றாம் எண் வீட்டுக்குள்.
செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டான் மொஃபிசுல்.
யாரோ சொன்ன மாதிரி எல்லோரும் கழற்றினார்கள்.
பூட்ஸ் நாடா அவிழ்க்க நேரம் பிடித்தது.
வெளியே மணல் எழுந்து ஓடையாகப் போனது.
உள்ளே தரை காய்ந்தே இருந்தது.
ஏலக்காய் மணக்கும் காப்பி,
ஒரே மூடியில் பத்துப் பேருக்கு.

பிறகு வெயில் வந்தது. பத்து மணி பத்து நிமிடம்.
சத்தம் வந்து சேர்வதற்கு முன்பே
வீடு இல்லை.
திரையில் மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள்.
குண்டு சுவரைத் தொடவே இல்லை.
ஜன்னல் வழியாக
ஒன்பது கதிரையும் விலக்கிக்கொண்டு
விருந்தாளி மாதிரி நுழைந்தது.
தேள்காரர்கள் கைதட்டினார்கள்.
கேப்டன் என் தோளில் தட்டினார்,
சின்னம் இல்லாத இடத்தில்.

அடுத்த வரைபடம் வந்துவிட்டது.
ஆறு வீடு. ஆறிலும் தெற்கே ஜன்னல்.
கம்பி வேண்டாம் என்று அரபியில் அடிக்கோடிட்டு.
படி இல்லை.

அருளானந்து நேற்று
முதல் வீட்டுக்குக் கல் அடுக்கினான்.
வாசலுக்கு வந்ததும் கொஞ்சம் நின்றான்.
வைத்தான்.
நான் பார்க்காத மாதிரி
கம்பி வளைத்துக்கொண்டிருந்தேன்.