நான்காம் வரிசை மண்

பாலிக் பூலாவிலிருந்து பை வந்தது.
டுரியான் தோட்டம், நான்காம் வரிசை, ஒரு சாண் ஆழம்.
ஓரத்தில் பென்சிலால் யுகேந்திரன் எழுதியிருந்தான்:
எடுக்கும்போது மழை.

ஒரு கிராம் மண்ணைப்
பத்தாயிரம் மடங்கு நீரில் கரைத்துத்
தட்டில் தடவி
ஐந்து நாள் காத்திருப்பது என் உத்தியோகம்.
குளுகோரில், மூன்றாம் மாடியில்,
கண்ணுக்குத் தெரியாத குடிகளுக்குத்
தலைக்கட்டு எண்ணுகிறேன்.

வேலிக்கு வெளியே தோண்டிய மண்
தட்டில் ஒரு வாரச் சந்தை.
மஞ்சள், வெளிறிய ஊதா, பால்வெள்ளை,
விளிம்பு சுருண்டது,
யாரோடும் ஒட்டாமல் ஓரம் ஒதுங்கியது,
மேலே மாவு தூவினாற்போல் பொடி பூத்தது.
மூடியை நகர்த்தினால் மழை வாசம்.
மழைக்கு ஏது வாசம்?
அந்தப் பொடி பூத்தவற்றின் மூச்சு அது.

நான்காம் வரிசை
செத்துத்தான் கிடக்கும் என்றிருந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
இரண்டு முறை எண்ணினேன்.
வேலிக்கு வெளியே நூற்று நாற்பதுதான்.

ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டுக்கும்
ஒரே முகம், ஒரே பச்சை மினுக்கம்.
பதினொரு வருஷமாய் அடித்த புல் மருந்தைச்
சோறாக்கிக்கொண்ட ஒரே சாதி.
மற்றவை எப்போது போயின,
எது முதலில் போனது,
எது எதற்காகக் காத்திருந்து போனது,
மண்ணில் அதற்கெல்லாம் கல்லறை இல்லை.

முகர்ந்தேன். விதிப்படி கூடாது.
கழுவிய கண்ணாடியின் வாசம்.

யுகேந்திரனுக்குப் போன் போட்டேன்.
"மழை பெஞ்சுச்சே, வாசம் வந்துச்சா?"
"என்னக்கா கேள்வி இது?"
பின்னால் லோரி ஒன்று திரும்பும் சத்தம்.
"வந்துச்சு.
இல்ல, இருங்க.
வேலி தாண்டி ரோட்டுக்கு வந்தப்புறந்தான் வந்துச்சு."

படிவத்தில் ஒரே கட்டம்:
மொத்த எண்ணிக்கை.
வகை: ஒன்று என்று பக்கத்தில் தட்டினேன்.
எண் மட்டுமே ஏற்கப்படும் என்றது கணினி.
212.
தவுக்கே இதைச் சட்டம் போட்டு மாட்டினாலும் மாட்டுவார்,
எடைபோடும் தராசுக்கு மேலே.

வெள்ளிக்கிழமை மாலை
எண்ணி முடித்த தட்டுகளை
ஆவியில் வேகவைத்துக் கொட்ட வேண்டும்.
நான்காம் வரிசையை வேகவைத்தேன்.
மற்றதைக் குளிர்பெட்டியில்,
யாரோ மறந்துபோன தயிர் டப்பாவுக்குப் பின்னால்
திங்கள்வரை இருக்கட்டும் என்று தள்ளிவிட்டுப்
பஸ்ஸுக்கு ஓடினேன்.
பாலத்துப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.