எங்கே தெரிகிறது?

தார்த்து நகர மருத்துவமனை. ஜனவரி.
காலை எட்டாகியும் ஜன்னலில் விடியவில்லை.
ஹெய்னோ ராவுத்சிக் குப்புறக் கிடக்கிறார்,
வயிற்றுக்கடியில் தலையணை, முதுகு வில்லாக.
நீலத் துணிக்கு அந்தப் பக்கம் மருத்துவர் லேலோ.
இந்தப் பக்கம், அவர் முகத்தருகே,
குட்டை முக்காலியில் கால் மடித்து நான்,
மடியில் ஒரு திரை.
மின்சாரத்தை ஏற்றுவது, இறக்குவது,
"எங்கே தெரிகிறது?" என்று கேட்பது:
இதற்குத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது.

முப்பத்தோராண்டு மரம் அறுத்தவர்.
ஒரு ஸ்ப்ரூஸ், விழ வேண்டிய பக்கம் விழவில்லை.
இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல்
நான்கு பனிக்காலம்.
போன கால் மரத்துப்போகவில்லை,
அதுதான் வம்பு.
இரவெல்லாம் இல்லாத விரல்கள் மடங்கி
இல்லாத பூட்ஸுக்குள் இறுகுகின்றன.

முன்பென்றால் எலும்பை அறுத்துத் திறந்திருப்பார்கள்.
இப்போது ஓர் ஊசி போதும், நுனி மட்டும் லேசாக வளைந்தது.
லேலோ அதைச் சாய்த்து நுழைக்கிறார்.
பின்னால் உப்புநீர்க் குழல்,
கட்டைவிரல் அழுத்துகிறது: தடுப்பு,
தடுப்பு,
சட்டென்று தடுப்பே இல்லை.
அந்த இல்லாமையைத்தான் விரல் தேடிக்கொண்டிருந்தது.
"உள்ளே" என்கிறார், வீடு வந்து சேர்ந்தவர் மாதிரி.

ஊசியின் துளை வழியே கம்பி.
சேமியா இழையைவிடக் கொஞ்சம் தடிமன்,
நுனியில் எட்டு உலோக வளையங்கள்.
எக்ஸ்ரே திரையில், முள்ளெலும்பு ஏணியில்,
படிப்படியாக ஏறுகிறது ஒரு கறுப்புச் சாரை.
பத்தாம் எலும்பு. ஒன்பது. நில்.

ஏற்றுகிறேன்.
"எங்கே தெரிகிறது?"
"இடுப்பு."
இரண்டு மில்லிமீட்டர் கீழே.
"இப்போது?"
"வலது தொடை. அது நல்ல கால், அதை விட்டுவிடுங்கள்."
துணிக்கு அப்பால் யாரோ சிரிக்கிறார்கள்.
லேலோ உள்கம்பியைத் திருக,
நுனி இடப்பக்கம் தலை சாய்க்கிறது.
மூன்றாம் வளையம். நான்காம் வளையம்.
"இப்போது?"

பதில் இல்லை.
கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.
மடித்து உட்கார்ந்ததில் என் கால் மரத்திருந்தது,
பயத்தில் அதுவும் அப்போதுதான் தெரிந்தது.
மெல்ல இறக்கினேன்.

"இறக்காதே. எறும்பு.
பைன் ஊசியைக் குவித்துப் புற்று கட்டுமே,
அந்தச் சிவப்பெறும்பு. பாதத்தில்."

பயிற்சியில் பதினான்கு சொற்கள் கொடுத்திருந்தார்கள்,
கூச்சம், துடிப்பு, சிலிர்ப்பு என்று.
எறும்பு அந்தப் பட்டியலில் இல்லை.
எந்தப் பாதம் என்று படிவத்தில் நிரப்ப வேண்டும்.
கேட்டேன்.
"கேட்கிறாயே" என்றார்.

பிறகு விரல்கள் விரிந்தன என்றார், ஒவ்வொன்றாய்,
சுண்டுவிரல் கடைசியில், மனமில்லாமல்.
பத்துக்கு எட்டாக இருந்த வலி மூன்றானது.
இன்னும் ஏற்றினால் ஒன்றாகும். ஏற்றப் போனேன்.
"போதும், பெண்ணே.
அதுவும் போய்விட்டால்
காலை எங்கே என்று தேடுவேன்?"

ஊசி வெளியே வந்தது, கம்பி உள்ளே தங்கியது.
இரண்டே தையல்.
அரைமணியில் தேநீர் கேட்டார், சர்க்கரை தூக்கலாக.
இடுப்பு வாரில் சோதனைப் பெட்டியும்
கையில் ஒரு பொத்தானும் கொடுத்து
ஒரு வாரம் என்று அனுப்பினோம்.

எட்டாம் நாள் பெட்டி தன் கணக்கை ஒப்பித்தது.
இரவு முழுக்க ஓடியிருக்கிறது. பகலிலும்.
மாலை ஐந்தேமுக்காலுக்கு மட்டும், தினமும்,
பன்னிரண்டு நிமிடம், பதினைந்து நிமிடம்,
அணைந்திருக்கிறது.
பழுதா என்று கேட்டேன்.

"இல்லை. காட்டிலிருந்து வந்து
பூட்ஸ் கழற்றும் நேரம்."

காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது, கட்டைவிரல் நகமளவு.
'நோயாளி விருப்பம்' என்று எழுதிவிட்டு,
நிரந்தரப் பெட்டி வைக்கத் தேதி கேட்டு
லேலோவின் கதவைத் தட்டினேன்.