முள் பார்த்தல்

வண்ணார்பேட்டையில் டயர்க் கடைக்கு மேலே
எங்கள் அலுவலகம்.
இரவு பதினொன்றரைக்குச் சோதனைகள் ஓடத் தொடங்கும்,
மொத்தம் இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு.
நெல் லாரிகளுக்கான எடைமேடை மென்பொருள்.
ஆலைகள் அம்பாசமுத்திரத்தில், கல்லிடைக்குறிச்சியில்.

யாரும் சொல்லாமல் ஒரு மீட்டர் வாங்கி
சர்வரின் வயரில் மாட்டினேன்.
ராத்திரிக்கு மூன்று யூனிட்.
"கரண்டு பில்லு கம்பெனிலா கட்டுது,
ஒனக்கு என்னட்டி வலிக்கு?"
என்றான் சங்கிலிபூதத்தான்.
சோதனைகளில் பாதிக்கு மேல் நான் எழுதியவை.
அவனுக்கு அது தெரியும்.

மூன்று யூனிட் பெரிதில்லைதான்.
பணகுடிப் பக்கம் ஆடிக் காற்றில்
நல்ல காற்றாலை ஒன்று
ஆறு நொடியில் அதைச் சுற்றித் தந்துவிடும்.
ஆனாலும்
எதற்கு அந்த ஆறு நொடி?

நான் எழுதியதை நானே வாசித்தேன்.
"தூங்கு, முப்பது வினாடி" என்று ஒரு வரி.
பதில் எப்போது வரும் என்று தெரியாத ஒரு நாளில்
அவசரமாக எழுதியது.
சோதனைதான் தூங்குகிறது.
விசிறி விழித்திருக்கிறது, ஏசி விழித்திருக்கிறது,
சர்வரின் சிறு விளக்குகள் எல்லாம் விழித்திருக்கின்றன.
அதே வரி நூற்று நாற்பது இடங்களில்.
எழுபது நிமிடம்.

ஒரே ஒரு லாரி நம்பரைச் சரிபார்க்க
பத்து வருடக் கணக்கையும் இழுத்து வந்தது இன்னொன்று,
ஒரு சொம்புத் தண்ணிக்கு
மணிமுத்தாறு அணையைத் திறந்த மாதிரி.
தோற்றால் மூன்று தரம் ஓடு என்று வேறொன்று.
மூன்றாம் தரம் ஜெயிக்கும்.
ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

என்னை உட்கார வைத்தது
அறுநூற்று நாலாவது சோதனை.

லாரி மேடையில் ஏறுகிறது.
லாரி இறங்குகிறது.
முள்ளை யாரும் பார்க்கவில்லை.
பச்சை.

நாலு வருடமாக, ராத்திரி தவறாமல், பச்சை.

வேலை நேரம் போக பத்து நாள் பிடித்தது.
தூக்கத்தை எடுத்துவிட்டு
பதில் வந்ததும் நகரச் சொன்னேன்.
ஒரு லாரிக்கு ஒரு லாரி போதும் என்றேன்.
திரும்பத் திரும்ப ஓடியதை நிறுத்தி
ஏன் தடுமாறுகிறாய் என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன்.
மீட்டர் ஒன்றேகால் யூனிட்டுக்கு இறங்கியது.

அறுநூற்று நாலு மட்டும்
முன்னைவிடக் கூடத் தின்றது.
கேள்வி கேட்பதற்கும் கரண்டு வேண்டும்.
தின்னட்டும் என்று விட்டேன்.

அன்று ராத்திரியே சிவப்பு.
ஈர நெல்லுக்குக் கழிக்கிற கணக்கில்
லாரிக்கு ஏழு கிலோ
யாருக்கோ குறைந்துகொண்டே இருந்திருக்கிறது.

போன் போட்டேன்.
"காலைல பாத்துக்கிடலாம் ஜெஸிந்தா" என்றான்.
வைக்கவில்லை.
கீழே ரோட்டில் ஏதோ பஸ் திரும்புகிற சத்தம்
அவன் பக்கமா என் பக்கமா தெரியவில்லை.
பிறகு கேட்டான்,
"நாலு வருசத்துல எத்தன லாரி இருக்கும்?"

மீட்டரைப் பார்த்தேன்.
அது வேறு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.