இரண்டாம் சுற்று

போன ஆனியில் கொடுத்த சொற்கள்
சீப்பு, தவளை, வெல்லம்.
ஐந்து நிமிடம் கழித்துக் கேட்பேன் என்றேன்.
அந்த ஐந்து நிமிடத்தில் உத்திராபதி
மேட்டூர் திறந்த தேதி சொன்னார்,
கடைமடைக்குத் தண்ணீர் எட்டிய தேதி சொன்னார்.
முப்பத்தோரு வருடம் மூணாறு தலைப்பில்
ஷட்டர் ஏற்றி இறக்கிய லஸ்கர்.
வெண்ணாற்றுக்கு இவ்வளவு, கோரையாற்றுக்கு இவ்வளவு,
மிச்சம் பாமணிக்கு என்று
காற்றில் கையால் பிரித்துக் காட்டினார்.
பிறகு தவளை என்றார்.
மற்ற இரண்டுக்கும் என் முகத்தைப் பார்த்தார்.

மூன்றுக்கு ஒன்று. டேப்பில் தட்டினேன்.

கேள்வித்தாள் எங்கிருந்தோ வந்தது.
இப்போது என்ன பருவம் என்ற இடத்தில்
வசந்தமும் பனிக்காலமும் இருந்தன.
அடித்துவிட்டுக் குறுவை, சம்பா, தாளடி என்று போட
எட்டு மாதம் ஆயிற்று, மூன்று கமிட்டி.
கடிகாரம் வரையச் சொன்னதற்கு
வட்டம் சுத்தமாக விழுந்தது.
உள்ளே எண்கள் இல்லை, ஆரக்கால்கள்.
ஷட்டர் சக்கரம்.
பிடியில் தேய்ந்த இடத்தைக்கூட நிழலடித்திருந்தார்.
கையேட்டின்படி பூஜ்யம்.

பிறகு ரத்தம், ஐந்து மில்லி.
அதில் ஒரு புரதம் எவ்வளவு என்று
பெங்களூரில் அளப்பார்கள்.
ஐப்பசியில் எண் வந்தது.
எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சொல்லக் கூடாது.
ஆய்வு எண், நோய்ச் சான்று அல்ல:
படிவத்தின் நான்காம் பக்கம்.
அஞ்சம்மாள் கைநாட்டு வைக்குமுன்
அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தவள் நான்தான்.

இந்த ஆனியில் போனபோது
இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார்,
பரீட்சைக்கு வந்த பிள்ளை போல.
என்னை யாரென்று தெரியவில்லை.
சொற்களை மாற்றிவிட்டோம். ஒவ்வொரு சுற்றுக்கும் மாறும்.
ஊசி, நிலா, கொய்யா
என்று நான் முடிக்குமுன்
"சீப்பு! தவளை! வெல்லம்!"

இல்லை ஐயா, இப்போது சொன்னதைச் சொல்லுங்கள்.

"சீப்பு. தவளை. வெல்லம்."
இம்முறை கொஞ்சம் மெதுவாக,
எனக்குத்தான் காது மந்தம் என்பது போல.

அடுக்களை நிலைப்படியில்
அஞ்சம்மாளின் உதடும் அசைந்து நின்றது.

"சோறு தின்னப்பறம் தினமும் ராத்திரி சொல்லிக் குடுத்தேன் டீச்சர்.
தவளை அவருக்கே வந்துரும், வாய்க்கா பக்கத்துல கத்துதுல்ல.
சீப்புக்குத் தலையச் சீவிவுட்டுக்கிட்டே கேப்பேன்.
வெல்லத்துக்குத்தான் ரெண்டு மாசம்,
நாக்குல துளி துளியா வெச்சு.
வருசா வருசம் மாறும்னு நீங்க சொல்லலியே?"

சொல்லவில்லை.
டீச்சர் இல்லை என்றும் நான் சொன்னதில்லை.

குறிப்புக் கட்டத்தில் எண்பது எழுத்துதான் கொள்ளும்.
கொல்லைக்குப் போய் டாக்டர் வர்கீஸை அழைத்தேன்.
"பயிற்சிக் கலப்பு. ஆளை விலக்கிடுங்க."
வைத்துவிடப் போனவர் வைக்கவில்லை.
"ஒரு சொல்லுக்கு ரெண்டு மாசம்னா சொன்னாங்க?
நாக்குல வெச்சா?"
மூச்சு விடும் சத்தம்.
"அதைத் தனியா எழுதி வைங்க. வேற தாள்ல."

வேறு தாளுக்குப் பையில் துழாவினேன்.
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம்தான் இருந்தது.

கிளம்பும்போது வேலிப்படல் வரை வந்தாள்.
"ஊசி, நிலா…
மூணாவது என்ன டீச்சர்?
இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சுடறேன்."

விதி இருக்கிறது.
அடுத்த சுற்றில் இவை வராது என்பதும் இருக்கிறது.
செருப்பு மாட்ட நேரம் எடுத்துக்கொண்டேன்.

நீடாமங்கலம் கேட் போட்டிருந்தான்.
சரக்கு வண்டி, என்ஜின் மாற்றம்,
முக்கால் மணி நேரமாவது ஆகும்.
மடியில் ஐஸ் பெட்டி, அதில் பதினொரு குழாய்.
ஜன்னல் ஜன்னலாகக் கூடையைத் தூக்கிக் காட்டி
ஒருத்தி கூவிக்கொண்டே போனாள்
கொய்யா, கொய்யா, கொய்யா,
கேட்டவருக்கும் கேட்காதவருக்கும்.

பெட்டியின் டிகிரியைக் குறித்தேன். ஏழு.
எட்டுக்கு மேல் போனால் ரத்தம் வீண்.
கேட் இன்னும் திறக்கவில்லை.