வலது கை வட்டம்

திருவையாற்று ஏலக்கடையில்
பூவன் தாரைச் சீப்புச் சீப்பாய் அறுப்பவர் அமலோற்பவம்.
பத்தொன்பது வருஷம், கையில் துணி சுற்றிக்கொண்டு.
ஒரு துண்டு வாயில் பட்டால் போதும்,
உதடு தடித்துத் தொண்டை அடைக்கும்.
ஒருமுறை ஆட்டோவில் தஞ்சாவூர் கொண்டுவந்தார்கள்.
வெண்ணாற்றுப் பாலம் தாண்டியது நினைவில்லை என்கிறார்.

அவர் ரத்தத்தின் சீரம்
என் ஃப்ரீசரில் இருக்கிறது, மைனஸ் எண்பதில்,
பதினான்காம் எண் குப்பியாக.

அவரை வீழ்த்துவது ஒரு சின்னப் புரதம்.
தொண்ணூற்றுச் சொச்சம் மணி கோத்த சரம்.
நாலு கந்தகப் பாலங்கள் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன.
கொதிக்கவைத்தாலும் லேசில் குலையாது,
வயிற்று அமிலத்துக்கும் அசையாது.

ஐந்து ஆறு ஓடும் பக்கம் இது.
எந்தத் தேர்தலிலும் பாலம்தான் கேட்பார்கள்.
எனக்கு வாய்த்த வேலை இடிப்பது.

எட்டு சிஸ்டீனில் எதை அழிக்க?
அழித்த இடத்தில் அலனின் என்றெழுதி
பாக்டீரியாவிடம் கொடுத்தேன், செய் என்று.
மூன்றாவது வடிவம்
திரிந்த பாலாய்க் குப்பியின் அடியில் உட்கார்ந்தது.
ஆறாவது அழகாய் வந்தது, பழைய விஷமத்தோடேயே.
எட்டாவதை எந்தச் செல்லும் சீண்டவில்லை,
யாரோ எவரோ என்று விட்டுவிட்டன.
ஒன்பதாவதை ஐப்பசி மழையில் போன கரண்ட்
கொண்டுபோனது.

பதினொன்று.
எதிக்ஸ் கமிட்டியின் கையெழுத்துக்கு ஒன்பது மாதம்.

செவ்வாய்க்கிழமை வந்தார்.
இடது முன்கையில் அசல், வலதில் பதினொன்று.
ஊசிமுனையால் தொட்டு, பேனாவால் வட்டம் போட்டு
பதினைந்து நிமிஷம்.
டாக்டர் தாஹிரா அட்ரினலினைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு
அவர் மகனின் காலேஜ் ஃபீஸ் பற்றி விசாரித்தார்.

இடதில் கொசுக்கடிபோல் தொடங்கி
எட்டு மில்லிமீட்டர்.
வலதில் வட்டம் மட்டும்.
உள்ளே ஒன்றுமில்லை.
நாலு வருஷமாய் நான் செய்துகொண்டிருந்தது
அந்த ஒன்றுமில்லையைத்தான்.

“அப்ப நாளைக்கே பழம் திங்கலாமா?”
இல்லை. இன்னும் எத்தனையோ பேர், எத்தனையோ ஊசி,
எத்தனையோ வருஷம்.
அப்புறமும் பலிக்குமா, தெரியாது.

“அந்த மருந்து பழ ருசியா இருக்குமா?”
ருசி கிடையாது. நிறமும் கிடையாது.
“பின்ன அது பழம்னு என் ஒடம்புக்கு எப்பிடித் தெரியும்?”

என் ஆய்வேடு முழுக்க இந்த ஒரு கேள்விதான்
என்று நான் சொல்லவில்லை.
கட்டுமானத்தைப் பார்த்துப் பாய்பவை வேறே,
அவிழ்த்துப் போட்டதை
எழுத்துக் கூட்டி வாசிக்கிற செல்கள் வேறே, என்றேன்.
வாசிப்பவை பழகிவிட்டால் பாய்பவை அடங்கும்.
அடங்கலாம்.

தலையாட்டினார்.
ராத்திரி ரஸ்தாளி லோடு வருது என்று எழுந்தார்
இடது கையைச் சொறிந்தபடி.
பேனா வட்டத்தை அழிக்கப் பஞ்சு நீட்டினேன்.
இடதை மட்டும் துடைத்தார்.